தம்பியின் ஆட்சேபம்

வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் அவளுக்கு 'நெருப்பு மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவள் காதில் விழும்படிதான் சொல்வார்கள், அவளும் காதில் விழாத மாதிரிதான் நடந்துகொள்வாள். ஒருமுறை ஏ.சி. கம்பெனிக்காரர் ஒருவர் காலண்டரோடு ஒரு பேனாவையும் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவள் மாடிப்படி இறங்கி, வண்டி நிறுத்துமிடம்வரை மூச்சிரைக்க ஓடி, பேனாவை அவர் கையில் திணித்துவிட்டு வந்தாள். காலண்டரைக்கூட அலுவலகச் சுவரில்தான் மாட்டினாள். அடுத்த தடவை வந்தபோது அந்த மனிதர் அவள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

இப்படிப்பட்டவள் தலையில்தான் டேட்டா சென்டர்களுக்கான குளிரூட்டல் விதிகளை எழுதும் வேலை வந்து விழுந்தது. ஊருக்கு ஊர் பெரிய பெரிய கட்டடங்களைக் கட்டி, உள்ளே ஆயிரக்கணக்கில் சர்வர்களை அடுக்கி வைத்துவிடுகிறார்கள். அவை ராப்பகலாக ஓடுகின்றன, அடுப்பு மாதிரிச் சுடுகின்றன. அந்தச் சூட்டைத் தணிக்க ஓடும் ஏ.சி.கள் தனியாக மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. இதற்கு ஒரு கடிவாளம் போட வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. அவள் எழுதிய விதி எளிமையானது. சர்வர்கள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றனவோ அதில் பாதி அளவுக்கு மேல் ஏ.சி. எடுக்கக் கூடாது. போனால் உரிமம் புதுப்பிக்கப்படாது. அமைச்சருக்கே ஒரே தடவையில் புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய தம்பியும் ஒரு டேட்டா சென்டர் வைத்திருந்தான். அந்தப் பெயரைச் சொன்னால் அவனுக்கே சிரிப்பு வந்துவிடும். டயர் கடைக்கு மேலே, வாடகைக்கு எடுத்த ஒரு கூடம். நாலைந்து வரிசை சர்வர், மூலையில் ஒரு பழைய ராட்சச ஏ.சி. இரண்டு மூன்று மருத்துவமனைகள், ஒரு பள்ளிக்கூடம், பஸ் கம்பெனி ஒன்று, இவர்களுடைய கணக்கு வழக்கெல்லாம் அங்கேதான் இருந்தது. பழுது என்றால் மறுமுனையில் தம்பியே போனை எடுப்பான் என்பதால் யாரும் அவனை விட்டுப் போகவில்லை. அவனோடு 'மீசை' என்று ஒரு ஏ.சி. மெக்கானிக், மீசையை எடுத்துப் பல வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள்தான் தம்பியைப் பிடித்து உலுக்கினாள். "பாதி சர்வர் சும்மா ஓடிட்டிருக்குன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்குடா அதுக்குக் கரண்டு? வேலையெல்லாம் ஒண்ணா சேர்த்து பாதி மிஷின்ல போடு, மீதியை அணைச்சுடு. படிச்சவன்தானே நீ?" அக்கா பேச்சைத் தட்டாதவன். அம்மா போன பிறகு அவளே அவனுக்கு அம்மா. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேலைகளையெல்லாம் பாதி சர்வர்களுக்கு மாற்றினான், மிச்சத்தை அணைத்தான். மின்கட்டணம் கணிசமாகக் குறைந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெயரைச் சொல்லாமல் இதை இரண்டு கருத்தரங்குகளில் உதாரணமாகக்கூடச் சொன்னாள்.

வரைவு விதி வெளியான வாரக் கடைசியில் தம்பி வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, நீ போட்ட கணக்குல நான் ஃபெயில்."

"எப்படி? நீதான் கரண்டைக் குறைச்சிட்டியே?"

"குறைச்சதாலதான் ஃபெயில். சர்வர் பாதியாயிடுச்சு. ஆனா ஏ.சி. பாதியாகுமா? பத்து பேர் போனாலும் நாப்பது பேர் போனாலும் பஸ்ஸுக்கு டீசல் ஊத்தித்தானே ஆகணும்? கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சர்வரோட ஒப்பிட்டுப் பார்த்தா ஏ.சி. ரொம்ப தின்ற மாதிரி தெரியும். முன்னாடி மாதிரி எல்லாத்தையும் சும்மா ஓட விட்டேன்னு வை, நான் பாஸ். காலி பஸ்ல மணல் மூட்டையை ஏத்திட்டு, பாருங்க பஸ் நிறைஞ்சிருக்குன்னு காட்டற மாதிரி."

அவன் பஸ் உதாரணத்துக்கு வருவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. மொத்தம் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று விதி கேட்கவே இல்லை. மிச்சம் பிடிப்பவனைத் தண்டித்து, வீணாக்குகிறவனுக்குச் சபாஷ் சொல்கிற விதி அது. எழுதியது அவள் கை.

"மொத்தச் செலவு போன வருஷத்தைவிடக் குறைஞ்சிருந்தா அதையும் ஏத்துக்கலாம்னு ஒரு வரி சேருக்கா. எனக்குன்னு இல்ல. என்னை மாதிரி எத்தனை சின்ன ஆளுங்க இருக்காங்க!"

இப்போது நெருப்பு மேடம்தான் பேசினாள். "வீட்ல இதைப் பேசக் கூடாதுடா. பொதுமக்கள் கருத்துக்குத் தேதி குடுத்திருக்கோம். முறையா எழுதி அனுப்பு."

"அனுப்பினா நீ பார்ப்பல்ல?"

"முறைப்படி என்ன செய்யணுமோ செய்வேன்."

அவன் அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு போனான். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் கணவன், "சின்னப் பையன் மாதிரி சந்தோஷமா போறான்" என்றான். அவள் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள்.

அந்த அலுவலகத்தில் ஆட்சேபங்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. வருகிற கடிதங்களையெல்லாம் மொத்தமாகக் கட்டி, இறுதிக் கூட்டத்தில் மேஜை நடுவில் வைப்பார்கள். எந்தக் கடிதத்துக்காக ஓர் அதிகாரி வாய் திறந்து பேசுகிறாரோ அதற்கு மட்டும்தான் உயிர். மற்றதெல்லாம் கிணற்றில் போட்ட கல். 'கருத்தில் கொள்ளப்பட்டது' என்று எல்லோருக்கும் ஒரே பதில் போகும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை; ஆனால் பியூன் முதல் செயலாளர்வரை எல்லோருக்கும் தெரியும். தம்பிக்குத்தான் தெரியாது.

தம்பியின் கடிதம் வந்தது. அழகாக, கோபமில்லாமல், வரிக்கு வரி ஆதாரத்தோடு எழுதியிருந்தான். அவள் அதை ஒருமுறை படித்தாள். அனுப்பியவர் தன் உறவினர், எனவே தான் இதில் கருத்துச் சொல்வதற்கில்லை என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, உதவியாளரின் மேஜைக்குத் தள்ளிவிட்டாள். உதவியாளர் அதைக் கட்டோடு கட்டாகச் சேர்த்தார். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவள் மனம் லேசாகத்தான் இருந்தது. அந்த லேசை நினைத்துத்தான் பின்னால் அவள் கூசிக் கூசிச் செத்தாள்.

இறுதிக் கூட்டத்தில் பெரிய கம்பெனி ஒன்றின் பிரதிநிதி எழுந்து, தங்கள் கட்டடத்தில் ஏ.சி.க்கு எவ்வளவு குறைவாகப் போகிறது என்று திரையில் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சர்வர்களில் எத்தனை சும்மா ஓடுகின்றன என்று கேட்க அவள் நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "சின்ன டேட்டா சென்டர்கள் பக்கம் ஏதாவது சிக்கல் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார், எழுதியது அவள்தானே. கட்டு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேசினால் என்ன ஆகும் என்று ஒரு நொடிக்குள் ஓட்டிப் பார்த்தாள். நாளைக்கு எவனாவது தோண்டி எடுப்பான். தம்பிக்காக விதியை வளைத்தாள் என்பான். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர் ஒரே நாளில் நாறிப்போகும்.

"பெரிசா ஒண்ணும் இல்ல, சார்" என்றாள்.

பச்சைக்கொடி காட்டியாகிவிட்டது. தேநீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விதி அமலுக்கு வந்த பிறகு தம்பி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. 'கருத்தில் கொள்ளப்பட்டது' என்ற பதில் போயிருக்கும். அவன் போன் செய்வது குறைந்தது. செய்தாலும் மாமாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவான். நடந்ததெல்லாம் கணவன் வாய்வழியாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. சின்னதாகப் புது ஏ.சி. வாங்கக் கடன் கேட்டதற்கு வங்கி கைவிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அணைத்து வைத்த சர்வர்களையெல்லாம் தம்பி மறுபடி ஓட விட்டிருக்கிறான். ஒரு வேலையும் இல்லாமல் அவை பாட்டுக்கு ஓடின. மின்கட்டணம் எகிறியது, விதிப்படி அவன் பாஸ். மீசை முதலில் விழுந்து விழுந்து சிரித்தானாம். பிறகு, "என்ன சார் இது, பாவம் புடிச்ச வேலையா இருக்கு" என்று ஒருநாள் ஸ்பேனரை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். தம்பிக்கும் மனசு கேட்கவில்லை, கட்டணமும் கட்டுப்படியாகவில்லை. வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராக அந்தப் பெரிய கம்பெனிக்குக் கைமாற்றிக் கொடுத்துவிட்டுக் கூடத்தைக் காலி செய்தான்.

அவள் ஓடிப் போய்ப் பார்த்தபோது சர்வர் நின்ற இடங்களில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. கீழே இருந்து டயர் நாற்றம் வந்தது. தம்பி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "வாக்கா, உக்கார்றதுக்குத்தான் எதுவும் இல்ல" என்றான். அந்தக் குரலில் குத்தல் இருந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளும் குனிந்து ஒரு ஒயரைச் சுருட்டினாள். இருவரும் வேறு எதையோ பேசினார்கள்.

ஒரு வருஷம் கழித்து மறுஆய்வுக் கூட்டம். செயலாளருக்குத் தலை சுற்றியது. "எல்லாரும் பாஸ். ஒருத்தர்கூட ஃபெயில் இல்ல. அப்புறம் எப்படி மொத்த மின்சாரம் மட்டும் ஏறியிருக்கு? யாராவது சொல்லுங்களேன்!"

அவள் எழுந்தாள். இப்போது அவளுடைய சொந்தக்காரர்களில் டேட்டா சென்டர் வைத்திருப்பவர் யாரும் இல்லை. வாய்க்குப் பூட்டும் இல்லை. சும்மா ஓடும் சர்வர்கள், காலி பஸ், மணல் மூட்டை எல்லாவற்றையும் சொன்னாள். மொத்தச் செலவையும் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்றாள். தேநீர் ஆறுவதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெரிய கம்பெனிப் பிரதிநிதிகூட மறுக்கவில்லை. திருத்தம் அங்கேயே ஏற்கப்பட்டது.

"இவ்வளவு சின்ன விஷயம். விதி போடறப்பவே யாரும் சொல்லலையா?" என்றார் செயலாளர்.

"ஒருத்தர் எழுதியிருந்தார், சார். நான்தான் பேசல."

"ஏன்?"

"அது என் தம்பி."

கூட்டம் ஒரு கணம் அமைதியானது. அவள் அந்த ஒரு கணத்துக்குத்தான் அத்தனை நாள் பயந்திருந்தாள்.

"அட, இதுக்கா?" என்றார் செயலாளர். "தம்பின்னு சொல்லிட்டே பேசியிருக்கலாமே, மேடம். நாங்க கணக்கைத்தானே பார்த்திருப்போம்." சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தம்பி வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். அந்தப் பெரிய கம்பெனியில்தான் ஷிப்ட் மேற்பார்வை வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இடைவேளையில் வெளியே வந்தான். உள்ளே குளிர் அதிகமோ என்னவோ, வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. மதிலோரம் நின்று அவள் திருத்தத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டான்.

"நல்லதுக்கா. இங்கயும் வெறும் மிஷின் நிறைய ஓடுது. அணைக்கற வேலை எனக்குத்தான் வரும். எனக்குத்தானே அது பழக்கம்."

அவளால் தாங்க முடியவில்லை. "நான் உன்னைக் கவுத்துட்டேன்டா" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "உனக்காகப் பேசிட்டேன்னு பேர் வந்துடுமோன்னு பயந்துட்டேன்."

அவன் அவள் தோளைத் தொட்டான். பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவனைப் போலக் கேட்டான்.

"அக்கா, அந்த லெட்டரை முன்னப்பின்ன தெரியாத எவனாவது எழுதியிருந்தா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பேசியிருப்பேன்."

அவன் தலையாட்டினான். இடைவேளை முடிந்திருந்தது. "வெயில் ஏறுது, நிழலா பார்த்துப் போக்கா" என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான்.