காலை நேரச் சிறப்பு வகுப்பு

1

இந்தக் கதை எனக்குக் கூலி வேலையாக வந்தது. பிறருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கிறவன். சிறு கடைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள், தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்கள், இவர்களுடைய இணையப் பக்கம், துண்டுப் பிரசுரம், மேடையில் அவர்களை அறிமுகப்படுத்தும் நாலு வரி எல்லாம் என் கைச்சரக்கு. அப்படி ஒரு பயிற்சியாளர், தன்னிடம் வந்த ஒருவரின் வெற்றிக்கதையை ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. படிச்சா எனக்கே என் வகுப்புல சேரணும்னு தோணுது. அதான் பயமா இருக்கு."

அந்தப் பக்கம் அத்தோடு செத்தது. அதில் நான் எழுதாமல் விட்டவை மட்டும் என்னை விடவில்லை. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2

தொடங்குவதுதான் கஷ்டம்.

அன்று வானம் மேகமூட்டமாக

(வேண்டாம். வானத்துக்கும் சிறுதொழிலுக்கும் என்ன சம்பந்தம்?)

தோல்வி என்ற சொல்லே அவருடைய அகராதியில்

(இது அவருடைய துண்டுப் பிரசுரத்தில் இருக்கிற வரி. எழுதியவனும் நான்தான். என் வீட்டிலேயே நான் கன்னம் வைத்துத் திருடக் கூடாது.)

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை. வெள்ளைப் பலகை, மடக்கு நாற்காலிகள், எப்போதும் மருந்து வாடை. அங்கேதான் அந்தப் பயிற்சியாளர் வகுப்பு எடுத்தார். முன்பு ஒரு தொலைபேசி நிறுவனத்தில் கோபக்கார வாடிக்கையாளர்களைச் சமாளிக்கும் வேலை. அதை விட்டுவிட்டு இதற்கு வந்தார். யார் எதைக் கேட்டாலும் "முடியும்" என்பார். தையல்காரர் கேட்டாலும் முடியும், ரொட்டிக்கடைக்காரர் கேட்டாலும் முடியும். அதனால் 'முடியும் மேடம்' என்றே பேர் நிலைத்துவிட்டது. (தமிழின் குறும்பைப் பாருங்கள். முடியும் என்றால் கைகூடும் என்றும் அர்த்தம், தீர்ந்துபோகும் என்றும் அர்த்தம். மேடம் இதை யோசித்ததே இல்லை.)

அவர் கணவர் மின்தூக்கி பழுது பார்க்கிறவர். "ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான். நான் ஆளுங்களை மெஷின்ல மேல ஏத்துறேன், இவ வாயால ஏத்துறா" என்பார். மேடத்துக்கும் ஒரு பயிற்சியாளர் உண்டு. பயிற்சியாளர்களுக்கே பயிற்சி கொடுக்கிறவர். பெரிய மண்டபங்களில் பேசுகிறவர். கணவர் அவருக்கு 'மொத்த வியாபாரி' என்று பேர் வைத்திருந்தார். நம்பிக்கை அங்கேயிருந்து மொத்தமாக வருகிறதாம், மனைவி அதைச் சில்லறையில் விற்கிறாளாம்.

மொத்த வியாபாரி சொல்லிக்கொடுத்த பாடங்களில் மேடம் பிடித்துக்கொண்டது ஒன்று: வாடிக்கையாளரிடம் 'ஏன்' என்று கேட்காதே, 'எப்படி' என்று கேள். ஏன் என்ற கேள்வி பின்னால் இழுக்கும், எப்படி என்ற கேள்வி முன்னால் தள்ளும்.

3

மாஸ்டர் வந்தது அந்த அறைக்குத்தான். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள். ஐம்பதைத் தாண்டியவர், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. மனைவியும் கூட வந்திருந்தார். பள்ளியில் பதிவு, போன், சான்றிதழ் எல்லாம் அந்த அம்மாள் பார்த்துக்கொண்டார்.

"ஆளுங்க கொறைஞ்சிட்டாங்க மேடம். நான் இப்போ சாயங்கால வகுப்பு எடுக்கறதில்ல. ஆபீஸ் போறவங்கெல்லாம் வேற பள்ளிக்குப் போயிடறாங்க."

யாராக இருந்தாலும் அடுத்து என்ன கேட்டிருப்பார்கள்? ஏன் எடுப்பதில்லை என்றுதானே. மேடம் கேட்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. பலகைக்குப் போனார்.

"மாஸ்டர், 'சாயங்காலம் கிடையாது'ன்னு இனிமே வாயால சொல்லாதீங்க. 'காலை நேரச் சிறப்பு வகுப்பு'ன்னு போடுங்க. தெளிவான வெளிச்சம், நெரிசல் இல்லாத தெரு, நிதானமான பயிற்சி. வீட்ல இருக்கற பெண்கள், ஓய்வு பெற்றவங்க, இவங்களுக்கு இதுதான் வேணும்."

"இது வேலைக்கு ஆகுமா?"

"ஆகும். ஆனா மொதல்ல நீங்க நம்பணும். தெனமும் காலைல எழுந்ததும் உங்களுக்கு வேண்டியதை நடந்துட்ட மாதிரியே சொல்லிக்கோங்க. 'என் பள்ளி நிரம்பியிருக்கு'ன்னு. நம்பிச் சொன்னா நடக்கும்."

வேலைக்கு ஆயிற்று. அதை மறைக்க மாட்டேன். மஞ்சள் பலகை மாட்டினார்கள். உரிமம் வாங்கிய பெண்கள் காரின் மேல் சாய்ந்து நிற்கும் படங்களைப் போட்டார்கள். சில மாதங்களுக்குள் காலை வகுப்புக்கு இடமில்லை என்று மாஸ்டரின் மனைவி போனில் சொல்லும்படி ஆனது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் கர்வம் இருந்ததாக மேடம் சொன்னார்.

நான் எழுதிக்கொடுத்த வெற்றிக்கதை இந்த இடத்தில் முடிந்திருந்தது.

4

பள்ளி நிரம்பிய மகிழ்ச்சியில் மேடமே அங்கே மாணவியாகச் சேர்ந்தார். நாற்பது வயதுக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தன் வகுப்பில் சொல்ல ஒரு உதாரணமும் கிடைக்கும். ஒரே கல், இரண்டு மாங்காய்.

ஒரு காலை வகுப்பில் பள்ளிக்கூடத் தெருவைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மேடம் ஓட்டினார். பக்கத்து இருக்கையில் மாஸ்டர். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாஸ்டர் இருந்த பக்கத்துச் சந்திலிருந்து சைக்கிள்காரர் ஒருவர் வெளியே வந்தார். மெதுவாகத்தான் வந்தார். மேடம் அவரைப் பார்த்தார். மாஸ்டர் பிரேக்கை அழுத்துவார் என்று இருந்தார். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள். மாஸ்டர் நேரே பார்த்துக்கொண்டு, "கியரை மாத்துங்க" என்றார்.

சைக்கிளின் முன்சக்கரத்தில் கார் இடித்தது. அந்த மனிதர் நடைபாதை ஓரத்தில் விழுந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம். வேறொன்றுமில்லை. எழுந்து தன் சட்டையைத் தட்டிக்கொண்டு, திட்டக்கூடத் தோன்றாமல், கோணிப்போன ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாஸ்டர் அவரை மருந்துக்கடைக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டு, சைக்கிளையும் சரி பண்ணக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து காரில் உட்கார்ந்தார்.

"ஏன் பிரேக் போடல?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நீங்க போடுவீங்கன்னு இருந்தேன். அவர் உங்க பக்கந்தான மாஸ்டர் வந்தாரு. பார்க்கலையா?"

மாஸ்டர் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. நேரா பார்த்தா தெரியும், பேப்பர் படிப்பேன். ஓரம் போயிடுச்சி. பொழுது சாஞ்சா நேராவும் தெரியாது."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். போனது திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்த மருந்து போடு, வண்டியைத் தொடாதேன்னாரு. நீங்க நம்பினா நடக்கும்னீங்க. ரெண்டுல எது கேக்க நல்லா இருந்துச்சோ அதைப் புடிச்சிக்கிட்டேன்."

(இங்கே எனக்கு ஒரு தொல்லை. தமிழில் கையை வைத்த இடமெல்லாம் கண்தான். கண்ணும் கருத்துமாக, கண்டும் காணாமல், கண்ணை மூடிக்கொண்டு. கடைசிப் பகுதி நீங்கலாக மாஸ்டர் இதைப் படிக்கப்போகிறார் என்பதால் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எடுத்திருக்கிறேன். ஒன்றிரண்டு தப்பியிருந்தால் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

5

இந்தக் கதையின் முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: மேடம் அவர் கையைப் பற்றிக்கொண்டு, உறுதியான குரலில், "நிறுத்திடுங்க

நடந்தது அதுவல்ல. மேடம் காரைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார். மறுநாள் காலை வகுப்பு வழக்கம்போல் நடந்தது. யாரோ ஒரு பெண் ஓட்டினாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டரைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். தெரிந்தே ஒரு மனிதர் மறுநாளும் போய் அந்த இருக்கையில் உட்காருவாரா? அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்பாவியாக எழுதினால் அந்தச் சைக்கிள்காரரின் முழங்கை உறுத்தியது. அவரிடமே கேட்டேன். "அந்த சீட்ல உக்காராட்டி வேற எங்க உக்கார்றது?" என்றார். அதற்கு மேல் நான் துருவவில்லை.

மேடம் மொத்த வியாபாரிக்குப் போன் செய்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாடிக்கையாளரோட எதிர்மறை எண்ணத்தை நீ சுமக்காதே. அவர் பயணம் அவரோடது."

போனை வைத்த மேடம் கணவரிடம் சொன்னார். அவர் கருவிப் பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"கயிறு தேஞ்ச மின்தூக்கிய நான் பார்த்துட்டேன்னு வை. 'பத்திரமா போய்ட்டு வாங்க'ன்னு எழுதி ஒட்டிட்டு வந்துட்டா நீ என்னை என்ன சொல்லுவ?"

அன்று மத்தியானமே மேடம் மாஸ்டரின் வீட்டுக்குப் போனார். மாஸ்டரின் மனைவி நாற்காலி போட்டார். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், நிறுத்திடுங்க. உங்களால இது முடியாது."

அந்தச் சொல்லை அவர் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இதைக் கேக்கவா உங்ககிட்ட வந்தேன்?"

"இல்ல. நான்தான் அன்னைக்கே ஏன்னு கேட்டிருக்கணும். கேக்காம பலகை மாட்டிக் கொடுத்தேன். நாளைக்கும் ஓரம் தெரியாம நீங்க வண்டில உக்காந்தா, பதிஞ்சவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லுவேன்."

மாஸ்டர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேடம் அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அழுவார் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

"சாப்பிடறப்போ பக்கத்துல வச்ச தண்ணியத் தட்டி விட்டுடுவாரு. கவனமில்லைன்னு சண்டை போடுவேன். தெனம் போட்டேன்" என்றார். பிறகு, "நல்லவேளை, வெளியாளு ஒருத்தர் வந்து சொன்னீங்க."

மறுநாள் காலை வகுப்பு நடக்கவில்லை.

6

பயிற்சியாளர்களின் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஒவ்வொருவரும் மேடையில் ஒரு வெற்றிக்கதை சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னிடம் எழுதச் சொன்னது, அதைத்தான் திருப்பிக் கொடுத்தது. மேடம் மாஸ்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கையில் தாளில்லாமல் மேடையேறி, நடந்ததை நடந்தபடி சொன்னார். பலகை, பள்ளிக்கூடத் தெரு, முழங்கை, கடைசியில் அந்த 'முடியாது'. இறங்கப் போனார்.

மொத்த வியாபாரி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "கேட்டீங்களா? முடியாதுன்னு சொல்றதுக்கும் ஒரு தன்னம்பிக்கை வேணும். இதுக்குப் பேர்தான் நேர்மறை நிறுத்தம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தேநீர் இடைவேளையில் மேடத்தின் கை நிறைய முகவரி அட்டைகள். நேர்மறை நிறுத்தம் பற்றி வகுப்பு எடுப்பீர்களா என்று கேட்டார்கள். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார்.

(அந்தத் தலைப்பில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதித் தரச் சொல்லி எனக்கு இருவர் போன் செய்தார்கள். எழுதிக்கொடுத்தேன். நானும் பிழைக்க வேண்டும்.)

7

முடிவுகள் பல எழுதிப் பார்த்தேன். மாஸ்டரிடம் படித்த நர்ஸ் ஒருத்தி வேலையை விட்டுவிட்டு வந்து பள்ளியை ஏற்று நடத்துவது ஒன்று. இது பாதி உண்மை. நர்ஸ் இல்லை, மாஸ்டரின் மனைவியின் தங்கை. பள்ளி இப்போது மாலையிலும் நடக்கிறது. மாஸ்டரும் மேடமும் சமாதானமாகி ஒன்றாக உட்கார்ந்து

(இல்லை. இன்றுவரை அவர் மேடத்தோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. அனுமதிகூட மனைவி மூலமாகத்தான் வந்தது.)

உண்மையில் கடைசியாக நடந்தது இது. மருந்துக்கடைக்கு மேலிருக்கும் அறைக்கு மாஸ்டரின் மனைவி தனியாக வந்தார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், அவர் தெனமும் காலைல எழுந்து ஒரு வார்த்தை சொல்றாரு. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான். 'எனக்கு ஓரம் நல்லா தெரியுது'ன்னு. ஜன்னலைப் பார்த்துட்டு, சத்தமா. நான் தூங்கறேன்னு நெனச்சிக்கிட்டு."

"மருந்து போட்டுக்கறாரா?"

"அதுல கொறையே இல்ல. வேளா வேளைக்குப் போட்டுக்கறாரு. வண்டிப் பக்கம் போறதில்ல. சொல்லி முடிச்சதும் ஒரு அமைதி வருது முகத்துல. அப்புறம் எழுந்து பல்லு வெளக்கப் போறாரு. போனது திரும்பி வராதுன்னு எனக்குத் தெரியும், டாக்டர் என்கிட்டயும் சொல்லிட்டாரு. ஆனா ஒவ்வொரு நாளும் அந்த அமைதியைப் பார்த்துட்டு, இன்னும் எத்தனை நாளைக்கு இதை நம்புவாருன்னு படுத்தே கெடக்கறேன். அதை நிறுத்தச் சொல்லட்டுமா, விட்டுடட்டுமா?"

மேடம் என்ன பதில் சொன்னார்? நானும் கேட்டேன். "நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று திருப்பிக் கேட்டாரே தவிர, சொல்லவில்லை. நான் இரண்டு பதில்களையும் எழுதிப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லுங்கள் என்று எழுதினால், ஒரு மனிதரின் காலையைப் பிடுங்குகிறேன். விட்டுவிடுங்கள் என்று எழுதினால், இன்னொரு பலகை மாட்டுகிறேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

ஆகையால் வாசகரே, சற்று நேரம் நீங்கள் மேடத்தின் இடத்தில் இருங்கள். எதிரில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருக்கிறார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். அவருக்கு அவசரம் எதுவுமில்லை, யோசித்தே சொல்லலாம். நீங்கள் சொல்லப்போவதை நாளைக் காலை, கணவர் விழிப்பதற்கு முன் எழுந்து, அந்த அம்மாள் செய்துவிடுவார். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.