கண்டக்டரம்மாவின் முட்டிவலி

எதிர் வீட்டு மாமியாருக்கும் மருமகனுக்கும் ஆகவில்லை என்று எங்கள் கட்டடத்தில் முதலில் சொன்னது நான்தான். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. அதனால் என்ன, முதலில் சொன்னது நான்தான்.

அந்த அம்மாள் ஊரில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பிரசவம் பார்க்க, நாங்களெல்லாம் பிழைக்க வந்திருக்கும் இந்த வெளிநாட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்து இறங்கினார். வந்த அன்றைக்கே லிஃப்ட்டுக்குள், "உள்ள தள்ளிப் போங்கம்மா, இன்னும் நாலு பேர் நிக்கலாம்" என்று எங்களை அடுக்கிவைத்தார். சிரித்தாரென்றால் கீழ்வாசல் வரைக்கும் கேட்கும். அவர் சிரிப்பில் என் குக்கர் விசில் காதில் விழாமல் போய்ப் பருப்பு குழைந்த நாளெல்லாம் உண்டு.

மருமகனுக்குக் குளிர்பதனக் கிடங்குகளில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் வேலை. ஃப்ரீசர் தம்பி என்போம். தங்கமான பிள்ளை. ஒரே குறை, ஜோக் சொல்வார். அவர் ஜோக் சொல்ல வாயெடுத்தால் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள்கூடப் படியேறிவிடுவார்கள். கட்டிய பெண்டாட்டியே, "நாளைக்குச் சிரிக்கிறேங்க, இப்ப முடியல" என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சிரிக்க ஆளில்லாமல் காய்ந்து கிடந்தவருக்கு இப்படி ஒரு மாமியார் வாய்த்தார். அவர் தோசையைத் திருப்பிப் போட்டாலே அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர்கள் வீட்டு எவர்சில்வர் கிண்ணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க நான் அடிக்கடி போவேன். போவேனே தவிர, கொடுத்துவிட்டு வரமாட்டேன். பேச்சு சுவாரசியத்தில் மறுபடி கையோடு வந்துவிடும்.

அப்படிப் போயிருந்தபோதுதான் பார்த்தேன்.

"அத்தை, இன்னைக்கு ஒரு ஃப்ரீசரைத் திறந்தேன். உள்ள இருந்த கோழி என்னைப் பார்த்து, 'கதவைச் சாத்துய்யா, குளிருது'ன்னுச்சு!"

கண்டக்டரம்மா உதட்டை இறுக்கினார். காலை இறுக்கினார். மேலே மின்விசிறியைப் பார்த்தார். சட்டென்று எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம். வெளியே ஃப்ரீசர் தம்பியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஜோக்கில் வந்த கோழியே தேவலாம்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாகத் துவைக்கும் மெஷின்கள் இருக்கின்றன. அங்கே விடிந்தும் விடியாமலும் கண்டக்டரம்மா ஒற்றை நைட்டியையும் பாவாடையையும் கொண்டுவந்து தனியாகத் துவைப்பதை நானே கண்ணால் பார்த்தேன். மெஷின் சுற்றுகிற வரைக்கும் காவல்காரர் மாதிரி பக்கத்திலேயே நிற்பார். "என்னம்மா, ரெண்டே துணியா?" என்றால், "சும்மா, பொழுது போகலை" என்பார். பொழுது போகாதவர்கள் டி.வி. பார்ப்பார்கள், நைட்டியா துவைப்பார்கள்?

ரெண்டையும் கூட்டிப் பார்த்தேன். மாமியார் துணியைத் தன் துணியோடு போடக் கூடாது என்று மருமகன் சொல்லியிருக்கிறார், அந்த அம்மாள் மனசு விட்டுப்போய் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதை மூன்றாம் மாடி தையல்காரியிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் மற்றவர்களிடம் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த வாரமே கண்டக்டரம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். ஊருக்குக் கிளம்புகிறாராம். நானும் கிண்ணமும் அப்போது அங்கேதான் இருந்தோம்.

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, நடமாடாமல் படுத்திரு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நீ போயிட்டா என்னை யாரும்மா பாத்துக்குவா? அவர் ஷிஃப்டுக்குப் போனா நான் தனியா கிடக்கணுமே. வலி வந்தா யாரைக் கூப்பிடுவேன்?"

"நம்ம டாக்டரம்மாவைப் பாத்துட்டு ஓடி வந்துடறேண்டி."

"எதுக்கு டாக்டர்? உனக்கு என்ன பண்ணுது?"

அந்த அம்மாள் மகள் பக்கமாகக் குனிந்து வாயைத் திறந்தார். என் பக்கம் ஒரு பார்வை வந்தது. நான் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு. அந்த நேரம் பார்த்து ஃப்ரீசர் தம்பி டீயோடு வந்தார். "என்னத்தை, உடம்புக்கு என்ன?"

கண்டக்டரம்மா திறந்த வாயை மூடினார். தலை குனிந்தார். குனிந்ததும் கண்ணில் பட்டது எதுவோ அதைச் சொன்னார்.

"முட்டி."

அவ்வளவுதான், தம்பிக்கு உயிர் வந்துவிட்டது. மாமியார் தன்மேல் கோபமாக இல்லை, முட்டிவலியில்தான் சிரிக்காமல் இருக்கிறார் என்றால் சும்மா விடுவாரா? தவிர, எங்கள் கட்டடத்தில் இந்த நாட்டு வைத்திய விஷயத்தில் அவர்தான் கரைகண்டவர். நாங்களெல்லாம் ஊரிலிருந்து பெட்டி நிறைய மாத்திரை கொண்டுவந்து, தலைவலி வந்தால் ஊர் டாக்டருக்கு வீடியோ கால் போட்டு நாக்கை நீட்டுகிற கூட்டம். இங்கே காய்ச்சல் என்று போனால் தண்ணீர் குடி, தூங்கு என்று சொல்லி அனுப்புகிறார்கள், இதற்கு ஒரு டாக்டரா என்பது எங்கள் கட்சி. அவர் எதிர்க்கட்சி. "இங்க நினைச்ச உடனே எலும்பு டாக்டர்கிட்டப் போக முடியாதுக்கா. முதல்ல குடும்ப டாக்டர். அவர் சீட்டு எழுதினாத்தான் மத்தவங்க. சின்ன விஷயத்துக்கு மருந்துக்கடைக்காரங்களே வழி சொல்லுவாங்க. அத்தைக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்து வச்சிருக்கேன், எதுக்கு ஊருக்குப் போகணும்?"

கண்டக்டரம்மா பிடிவாதமாக டிக்கெட்டைப் போடச் சொன்னார். கடைசியில் ஒரு சமரசம். டிக்கெட் சனிக்கிழமைக்கு. அதற்குள் முட்டி சரியானால் இருப்பார். இல்லையென்றால் விமானம் ஏறுவார்.

பாவம் அந்த முட்டி. டாக்டர் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். களிம்பு வந்தது, பட்டை வந்தது, ஐஸ் பை வந்தது. எல்லா இடத்துக்கும் மருமகனே கூடப் போய் மொழிபெயர்த்தார். தமிழ் பேசுகிறவர்களைப் போனில் பிடித்துத் தருகிறோம் என்று கிளினிக்கில் சொன்னதற்கு, "எதுக்கு? நான் இருக்கேன்ல" என்று மறுத்துவிட்டாராம். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். "வேற எதுனா கஷ்டம் இருக்கான்னு கேக்கறார் அத்தை" என்று மருமகன் திரும்புவார். "இல்ல மாப்பிள்ளை, முட்டிதான்" என்பார் இவர்.

வியாழக்கிழமை கடைசி பரிசோதனை. காலையில் மகள் எனக்குப் போன் செய்தாள். ஃப்ரீசர் தம்பிக்குக் கிடங்குக் குளிரில் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லையாம். ஜோக் சொல்ல முடியாமல் கையைக் காலை ஆட்டிக் கொண்டிருக்கிறாராம். "அக்கா, நீங்க அம்மாகூடப் போய்க் கொஞ்சம் பேசிட்டு வர முடியுமா?"

முடியுமாவா? அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

கண்டக்டரம்மாவின் முகம்தான் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. மருமகனிடமாவது மரியாதைக்காக வாய் திறக்கவில்லை. என்னிடம் சொன்னால் கட்டடம் பூராவும் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார். மனுஷர்களுக்கு எவ்வளவு சந்தேக புத்தி பாருங்கள்.

கிளினிக்கில் எங்களைக் கூப்பிட்டது ஒரு நர்ஸ். கட்டையான பெண்மணி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு அதையே மேஜைமேல் தேடிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து ஆரம்பிப்பதற்குள், நீங்கள் சொந்தமா என்றார். பக்கத்து வீடு என்றேன். அப்படியானால் வெளியே இருங்கள், மொழிபெயர்க்கப் போனில் ஆள் இருக்கிறது என்று சொல்லிக் கதவைக் காட்டினார். சிரித்த முகமாகத்தான் காட்டினார். இருந்தாலும் கதவு கதவுதானே?

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான், வேறெது? உள்ளே போனில் ஒரு பெண் குரல் தமிழில் வணக்கம் சொன்னது. அப்புறம் முணுமுணுப்பு. கதவு நல்ல கனமான கதவு, இந்த நாட்டில் எதில் சிக்கனம் பிடிக்கவேண்டும் என்றே தெரியாது. முணுமுணுப்பு நீண்டது. பிறகு அமைதி. நர்ஸின் குரலில் ஒரு கேள்வி.

அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு! கீழ்வாசல் வரைக்கும் கேட்கிற அதே சிரிப்பு. காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கூடவே நர்ஸும் சிரிக்கிறார். போனில் அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள். உள்ளே மூன்று பேர் சிரிக்க, வெளியே நான் ஒருத்தி விஷயம் தெரியாமல் நாற்காலி நுனியில்! என் எதிரிக்குக்கூட அப்படி ஒரு நிலைமை வரக் கூடாது.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு நிறுத்தம் பொறுத்தார்.

"இந்தாம்மா, உன்கிட்ட சொல்லித்தான் ஆகணும். நீயா ஒண்ணைக் கண்டுபிடிச்சுத் தப்பாச் சொல்றதுக்கு, நானே சரியாச் சொல்லிடறேன்."

"நான் எங்கம்மா சொல்லப்போறேன்?"

"மருமகன் துணியும் என் துணியும் தனித்தனின்னு சொன்னது யாரு? தையக்காரி என்கிட்டயே வந்து துக்கம் விசாரிச்சா."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"முட்டியில ஒண்ணும் இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினார். "சிரிச்சா, தும்முனா, சொட்டிடுது. கண்டக்டர் வேலையில காலையில ஏறினா ராத்திரி டிப்போ வரைக்கும் அடக்கியே பழக்கம். அப்பல்லாம் ஒண்ணும் தெரியலை. இங்க வந்து மாப்பிள்ளை சிரிக்க வைக்க வைக்க, ஒரு நாள் சோபாவுலயே ஆயிடுச்சு. அதை எப்படி அவர் முன்னாடி டாக்டர்கிட்டச் சொல்றது? என் வாயால சொல்லி, அவர் வாயால அதைத் திருப்பிச் சொல்லி... செத்தே போயிடுவேன்."

"இன்னைக்கு மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

"போன்ல இருந்த பொண்ணு பேரே சொல்லலை. நம்பர்தான் சொன்னா, பேட்ஜ் நம்பர் மாதிரி. அவ யாரோ, நான் யாரோ. முட்டியில ஒண்ணுமே இல்லைன்னேன். அந்த நர்ஸம்மா எக்ஸ்ரேயைப் பாக்குது, என்னைப் பாக்குது, முட்டிப் பட்டையைப் பாக்குது. 'அப்ப இத்தனை நாளா யாருக்கு வைத்தியம் பார்த்தோம்?'னு கேட்டுச்சு. 'மாப்பிள்ளையோட திருப்திக்கு'ன்னேன். அதான் சிரிப்பு. சிரிச்சதுல அங்கேயே ஆயிடுச்சு. அதுவும் நல்லதுக்குத்தான், விளக்கிச் சொல்லவேண்டிய வேலை மிச்சம்."

எத்தனையோ பெண்களுக்கு இருப்பதுதானாம். நர்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டு, சிறுநீரை அடக்குகிற தசையை இறுக்கிப் பிடித்து மெல்ல விடுகிற பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார். விடாமல் செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றாராம். அதுவரைக்கும் உள்ளே வைத்துக்கொள்ள மருந்துக்கடையிலேயே பேட் கிடைக்குமாம். இதற்கென்றே இருக்கிற ஒரு பெண்ணிடம் பயிற்சிக்கு அடுத்த மாதம் வரச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அடுத்த மாசமா? சனிக்கிழமை ஊருக்குப் போறீங்களே?"

"யாரு போறா? முட்டிதான் சரியாயிடுச்சே."

நிறுத்தம் வந்தது. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழைய தோரணையில் ஒரு விரலை என் முன் நீட்டினார். "பொம்பளைங்ககிட்ட மட்டும் சொல்லு. சரியாச் சொல்லு. கீழ துணி துவைக்கிற எடத்துல விடியக்காலையில நான் மட்டும் ஒத்தை நைட்டியோட நிக்கலை, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா மாப்பிள்ளை காதுக்கு மட்டும் போச்சு..."

போகவில்லை. என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய முதல் ரகசியம். அதுவும் பாதிப் பேருக்குத்தான்.

இப்போதெல்லாம் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் பெண்கள் யாரும் பேசுவதில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, இறுக்கிப் பிடித்து, மெல்ல விடுகிறோம். ஆண்கள் ஏதோ தியான வகுப்பு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தையல்காரிதான் முதலில் கிளினிக்குக்கு ஓடியவள். போன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம்.

சனிக்கிழமை வாசலோரம் நின்றிருந்த பெட்டி அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் ஃப்ரீசர் தம்பிக்குத் தொண்டை திறந்தது. நான் கிண்ணத்தோடு உள்ளே நுழைகிறேன், அவர் ஆரம்பிக்கிறார்.

"அத்தை, அந்தக் கோழி இன்னைக்கும் இருந்துச்சு. 'என்னய்யா, ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்'னுச்சு. தொண்டை கட்டிக்கிச்சுன்னேன். 'கதவைத் திறந்து போட்டுட்டு நின்னா கட்டத்தான் செய்யும்'னுச்சு!"

கண்டக்டரம்மா கண்ணை மூடினார். மூச்சைப் பிடித்தார். இறுக்கினார். தம்பியின் முகம் வாடப்போகிற நேரத்தில் வெடித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! கட்டிலில் கிடந்த மகள் பயந்துபோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. சிரித்து முடித்து, ஒரு கணம் அசையாமல் இருந்து, தன்னைத்தானே விசாரித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார் கண்டக்டரம்மா.

"பாத்தீங்களாக்கா?" என்றார் தம்பி, கண் கலங்காத குறையாக. "முட்டி சரியானா மனுஷனுக்கு மனசே சரியாயிடுது. அந்த நர்ஸுக்குக் கைராசி. உங்க வீட்டுக்காரரும் படியேறக் கஷ்டப்படறாரே, அந்த நர்ஸம்மாகிட்டயே அவருக்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்."

"ஆமா தம்பி," என்றேன். "முட்டின்னா அவங்கதான்."

கிளம்பும்போது கண்டக்டரம்மா வாசல் வரை வந்து, என் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இனிமே இது இல்லாமயே வா."

அடுத்த நாள் அப்படியே போனேன். கையை எங்கே வைத்துக்கொள்வதென்றுதான் தெரியவில்லை.