பதினெட்டாவது கொப்புளம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு டாக்டரின் அறையில், சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நான் அசடு வழிய நின்றிருந்தபோது. இடுப்பில் ஒரு பக்கமாக, பட்டை போலக் கொப்புளங்கள். எறும்புக் கடி என்று மூன்று நாள் எண்ணெய் தடவியிருந்தேன்.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

"போட்டுச்சு. ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னு சொல்வாங்களே, டாக்டர்?"

"அம்மையாவே திரும்ப வர்றது அபூர்வம். ஆனா அது உடம்பை விட்டுப் போறதில்ல. நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும். என்னைக்காவது முழிச்சா இப்படி அக்கியா வரும்."

முப்பது வருடமாக எனக்குள் ஒருவர் குடியிருந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். என்னைப் பற்றி எழுத எனக்குக் கூச்சம். எனவே கொப்புளங்களை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். எழுதுகிறவர்கள் இப்படித்தான், தங்கள் நோயை அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

2

முதல் தொடக்கம்: "மேகம் கருத்திருந்த ஒரு மாலையில், அவள் விலாவில் விதி தன் கையெழுத்தை..."

வேண்டாம். விதிக்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "அவள் செயற்கைப் பற்களுக்கு நிறம் தீட்டுகிறவள்."

இது தேவலை. பல் என்றால் வெள்ளை என்று நாம் நினைக்கிறோம். அவளுக்கு அப்படியில்லை. ஈறு பக்கம் லேசான மஞ்சள், நுனியில் துளி சாம்பல், டீ குடிக்கிறவர் என்றால் நடுவில் ஒரு பழுப்பு. மெல்லிய பிரஷ்ஷால் தீட்டிச் சூளையில் வைத்து எடுத்தால், பக்கத்துப் பல்லுக்கே வித்தியாசம் தெரியாது. அப்படி ஒரு பல்லின் மேல் குனிந்திருந்தபோதுதான் விலாவில் சுரீர் என்றது.

டாக்டர் என்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னார். கூடுதலாக ஒன்று கேட்டார். "வீட்டுல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். அவள் தங்கை. ஊரே வாலு என்று கூப்பிடும் அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். கணவன் கப்பல் வேலைக்குப் போயிருப்பதால் பிரசவம் வரை அக்கா வீட்டில் இருக்க வந்திருக்கிறாள்.

"அவங்களுக்கு அம்மை வந்திருந்தா பயமில்ல. வராதவங்க இந்தக் கொப்புளத்து நீரைத் தொட்டா அவங்களுக்கு அம்மை வரலாம். இந்த நேரத்துல அது நல்லதில்ல."

மூத்தவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

3

அவள் ஏன் மூடிக்கொண்டாள் என்பதற்குப் பழைய கதை வேண்டும். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மை போட்டது. தனி அறையில் வைத்தார்கள். ஏழு வயது வாலு கதவுக்கு வெளியே உட்கார்ந்து மூன்று நாள் ஒப்பாரி வைத்தாள். நான்காம் நாள், அம்மா கடைக்குப் போன சமயம் பார்த்து, மூத்தவள் அவளை உள்ளே இழுத்தாள். சிவப்பு மையால் புள்ளி வைத்து, மேலே ஒரு சொட்டு கோந்து விட்டாள். காய்ந்ததும் நீர் கோத்த கொப்புளம் போலவே மினுங்கியது. மொத்தம் பதினேழு.

அம்மா திரும்பி வந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டாள். "ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாத்து எழுப்பிவிட்டேன்" என்று இன்றைக்கும் பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறாள். வாலுவின் ஆஸ்பத்திரி சீட்டிலும் 'அம்மை வந்திருக்கிறது' என்றே இருக்கிறது.

(உடம்பைத் துடைத்தால் அழிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். அழியும். தினமும் காலையில் அதே இடத்தில் திரும்ப வரைந்தாள். நம்பும்படியாக இல்லையே என்றால், எங்கள் வீட்டில் என் தம்பிக்கு நானே

இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. தம்பி இதைப் படிப்பான்.)

4

அவள் உண்மையை மறைப்பதாகத்தான் முதலில் எழுதினேன். கட்டுப் போட்டு மூடிக்கொண்டு, வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லி வேறு அறையில் படுக்கிறாள். இரண்டு பக்கம் ஓடியது, ஆனால் அவள் ஒத்துழைக்கவில்லை. முகம் தெரியாதவரின் பல்லில் ஒரு சாயல் தப்பினாலே சோறு இறங்காதவள், தங்கை விஷயத்தில் பொய் சொல்வாளா? கிழித்துப் போட்டேன்.

எனவே அவள் நேராக வீட்டுக்குப் போய், சமையலறை வாசலோடு நின்றுவிட்டாள்.

"என்னக்கா, விருந்தாளி மாதிரி அங்கயே நிக்கிற?"

"கிட்ட வராத. எனக்கு அக்கி. கட்டுப் போட்டிருக்கு. உனக்கு அம்மை வரவே இல்லடி. நான்தான்..."

"வரைஞ்ச. சிவப்பு மை, கோந்து. அரிச்சு உயிர் போச்சு."

"தெரிஞ்சுமா ஆஸ்பத்திரியில வந்துச்சுன்னு சொன்ன?"

"வந்துச்சேக்கா."

வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலைத் திருப்பிக் காட்டினாள். "நீ வரைஞ்சது பதினேழு. தினம் எண்ணுவேன், அந்த ரூம்ல வேற என்ன வேலை? நீ ஆறி ஸ்கூலுக்குப் போனப்புறம் இங்க ஒண்ணு வந்துச்சு. தேச்சுப் பாத்தேன், போகல. அம்மா, கடைசியா வர்றதுன்னு விட்டுட்டாங்க."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா உன்னாலதான் வந்துச்சுன்னு உக்காந்து அழுவ."

முழங்காலுக்குப் பின்னால் அரிசியளவு ஒரு குழி. தள்ளி நின்றே மூத்தவள் குனிந்து பார்த்தாள். சுற்றியிருந்த தோலைவிட ஒரு இழை வெளுப்பு. இதைத் தன்னால் வரைந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. வயிறு குலுங்கச் சிரித்தாள், கூடவே அழுதாள்.

5

டாக்டர் போனில் மசியவில்லை. "ஒரு தழும்பை வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. ரத்தத்துல பாத்துடலாம். எதிர்ப்புச் சக்தி இல்லன்னாலும் அதுக்கு ஊசி இருக்கு, போட இன்னும் நாள் இருக்கு. முடிவு வர்ற வரைக்கும் தள்ளி இருங்க."

ரத்தம் எடுத்தாயிற்று. முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன.

(அ) சக்தி இருக்கிறது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்கிறாள் அம்மா.

(ஆ) அது வெறும் பூச்சிக் கடித் தழும்பு. ஊசி போடுகிறார்கள். அக்கா ஆறும் வரை தங்கை காத்திருக்கிறாள்.

எனக்கு (அ)தான் ஆசை. ஆனால் அதை நானே எழுதிக்கொண்டால் அதுவும் வரைந்த கொப்புளம் மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் மாலை. மூத்தவள் அறைக்குள், வாலு வெளியே. கதவின் இரு பக்கமும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கதவின் அடி இடுக்கு வழியாக ஒரு சிவப்புப் பேனா உருண்டு உள்ளே வருகிறது.

"வரைஞ்சு விடுக்கா. நானும் உள்ள வந்துடறேன்."

"அடி வாங்குவ. அங்கேயே இரு. பேசிக்கிட்டு இரு, போதும்."

கூடத்தில் போன் அடிக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்துதான். எனக்கு இடுப்பு எரிகிறது, எழுந்திருக்க முடியாது. நீங்கள்தான் கொஞ்சம் எடுக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் முதலில் வாலுவிடம் சொல்லுங்கள். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியும்.