முதுகுக்குச் சொன்னது

வெள்ளைத் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டு கோகுலன் குனிந்தபோது, தயாளினி அவன் கையை எட்டிப் பிடித்துவிட்டாள்.

“கால்விரலைக் கட்டினது போதும். கையைக் கட்டாதை.”

கோகுலன் அவளுடைய சித்தப்பாவின் மகன். அண்ணன் கனடாவிலிருந்து வரமுடியாததால் கொள்ளி வைக்கப்போகிறவன் அவன்தான். “என்ன தயாக்கா, கைப்பெருவிரல் ரண்டையும் சேர்த்துக் கட்டுறது முறைதானே. கட்டாட்டில் கை சரிஞ்சு விழும். ஐயரும் வரப்போறார்.”

“வரட்டும். பிறகு கட்டலாம்.”

சுற்றியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தேப்பன் போன துக்கத்தில் பிள்ளைக்கு மூளை குழம்பிப்போச்சு என்று ஒருத்தி மற்றவளின் காதுக்குள் சொன்னாள். தயாளினிக்கு அது கேட்டது. கேட்டால் கேட்கட்டும்! காலையில் நாடியைச் சுற்றித் துணி கட்டியபோது அவள் ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. அந்த வாய் சாப்பிடவும் சுருட்டுப் பிடிக்கவும் மட்டும் இருந்த வாய். அப்பா கதைத்தது கையால். கையைக் கட்டினால்தான் அவருடைய வாயைக் கட்டியதாகும்.

அப்பா பரமலிங்கத்துக்குப் பிறந்ததிலிருந்தே காது கேளாது, பேச்சும் வராது. ஊரில் ‘ஊமைப் பரமர்’ என்றால்தான் தெரியும். ஊமையாம்! உரும்பிராய் முழுக்கத் தேடினாலும் அந்த மனிசனைப்போல ஒரு அலட்டல்காரனைக் காணமுடியாது. சந்தைக்குப் போய்வந்தால் வெங்காய விலையிலிருந்து யார் யாரோடு கோபம் என்பதுவரை விரல் நோகுமட்டும் சொல்லுவார். அந்தக் கைக்கதையை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரும் அம்மாவும் குசினிக்குள் நின்று கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கியது. மூக்கு நுனியைத் தொட்டால் அம்மா, அவளுடைய மூக்குத்தி. இடது புருவத்தைத் தடவினால் தயாளினி, சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் அடிபட்ட தழும்பு. இரண்டு காதையும் இழுத்துக் காட்டினால் வாகீசன். வாக்குக்கு ஈசனாம், பேச்சு வராத மனிசன் மகனுக்கு வைத்த பெயரைப் பார் என்று ஊர் சிரித்தது. அவருக்கு மகன் இரண்டு பெரிய காதுகள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு இரத்தினக்காவுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஐந்து விரலையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் படபடவென்று திறந்து மூடுவது. “அது என்ன பிள்ளை, என்னைக் கண்டால் உப்பிடிக் காட்டுறார்?” என்று அவள் கேட்டபோது, “தாமரைப்பூ அக்கா” என்று சொல்லித் தப்பினாள் தயாளினி. இரத்தினக்காவுக்கு அதில் இன்றுவரை பெருமை.

அம்மா போய் ஆறு வருடம். அதன்பிறகு வீட்டில் அந்தக் கதை தெரிந்தவர்கள் இரண்டே பேர். அண்ணன் வாகீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசிப் படத்தில் வந்து, சாப்பிட்டீங்களோ, சுகமோ, மழையோ என்று நாலு கேள்வி கேட்பான். இனிமேல் அவள் யாரோடு கதைப்பது?

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “கடைசியா என்ன சொன்னவர் பிள்ளை?”

“ஒண்டும் சொல்லேல்லை” என்றாள் எல்லோருக்கும். உண்மை என்னவென்றால் அவளுக்குத் தெரியாது.

நேற்றுக் காலையில் சண்டை. சைக்கிள் ஓடக்கூடாது, மண்வெட்டி பிடிக்கக்கூடாது, நெஞ்சு தாங்காது என்று டொக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகவில்லை. அவள் சாமியறைத் தட்டில் ஒளித்துவைத்த சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார், தோட்டத்துக்குத் தண்ணி மாறவேணுமாம். பிட்டுமாக் கையோடு அவளும் பேசினாள், அவரும் பேசினார். கடைசியில் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயால் கதைக்கிற வீடுகளில் முதுகைக் காட்டினாலும் மற்றவரின் சொல் காதில் விழும். அந்த வீட்டில் முதுகைக் காட்டினால் கதை முடிந்தது. அவர் தரையில் இரண்டு தரம் காலை ஓங்கி மிதித்தார். இஞ்சை பார் என்று அர்த்தம். வாசல் வெயிலில் அவருடைய கைகளின் நிழல் அடுப்புச் சுவரில் அசையத் தொடங்கியது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தபோது சுவரில் வெயில் மட்டும் இருந்தது.

பத்தரை மணிக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் ஃபோன் எடுத்தார். கிணற்றுக்கட்டில் சாய்ந்தபடி இருந்தாராம். நித்திரை என்று நினைத்தாராம்.

பறைமேளம் முற்றத்தில் தொடங்கியது. ஒலிபெருக்கியில் தேவாரம், உள்ளே பெண்களின் அழுகை. கோகுலன் தன் கைபேசியைத் தலைமாட்டில் ஒரு கதிரையில் நிமிர்த்தி வைத்திருந்தான். அதற்குள் வாகீசனின் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. காதுக்குக் கிட்டக் கொண்டுபோனாள், இல்லை. அவன் கொஞ்சநேரம் யோசித்தான். பிறகு இரண்டு கையையும் தூக்கினான்.

அப்பா. கடைசி. என்ன?

இத்தனை இரைச்சலுக்குள்ளும் அவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் தன் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இரத்தினக்கா தலையில் அடித்தபடி வந்து பக்கத்தில் விழுந்தாள். “ஐயோ பரமண்ணை! நேற்றுக் காலமையும் சிரிச்ச முகமா நிண்டியளே!”

தயாளினி அவளுடைய தோளைப் பிடித்தாள். “எங்கை அக்கா நிண்டவர்?”

“உன்ரை குசினி வாசல்லைதான். நான் கறிவேப்பிலை முறிக்க வந்தனான். நீ அங்காலை திரும்பி நிக்கிறாய். அவர் என்னைக் கண்டிட்டு உன்னைக் காட்டி என்னவோ சொன்னார்.”

“என்ன சொன்னவர்?”

“எனக்கென்னண்டு விளங்கும் பிள்ளை? கையாலை என்னவோ செய்தார், நானும் ஓம் ஓம் எண்டு தலையை ஆட்டினன்.”

“செய்து காட்டுங்கோ. அவர் செய்தமாதிரியே செய்யுங்கோ.”

இரத்தினக்கா சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தாள். யோசித்து யோசித்து, புதுப் பிள்ளை எழுத்துப் பழகுவதுபோலத் தன் புருவத்தைத் தடவினாள். மூக்கு நுனியைத் தொட்டாள். இரண்டு சுட்டுவிரலையும் ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தினாள். “பிறகு சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரிச்சவர்.”

தயாளினி. அம்மா. ஒரேமாதிரி.

இவளும் தாயைப்போலத்தான். கோபம் வந்தால் அம்மாவும் இப்படித்தான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அதை எத்தனை தரம் பார்த்திருப்பாள்!

“பிறகு?”

“பிறகு உன்ரை முதுகைப் பாத்து இப்பிடி.” இரத்தினக்கா வலது உள்ளங்கையை நெற்றி உயரத்துக்குத் தூக்கி இறக்கினாள்.

போயிட்டு வாறன்.

“நீ திரும்பேல்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டார்.” இரத்தினக்கா குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒழுங்கை வளைவிலை கனநேரம் நிண்டவர் பிள்ளை. ஒரு காலை நிலத்திலை ஊண்டிக்கொண்டு இஞ்சாலையே பாத்துக்கொண்டு. சங்கிலி கழண்டுபோச்சாக்கும் எண்டு நினைச்சன்.”

சங்கிலி கழலவில்லை. வீட்டில் ஒருதரம், வளைவில் ஒருதரம், இரண்டு தரம் சொல்லிப்போட்டுத்தான் அவர் போவார். வளைவில் காலை ஊன்றித் திரும்பிப் பார்ப்பார். தயாளினி வாசல் படலையடிக்கு வந்து கையைத் தலைக்கு மேலே தூக்கி நெஞ்சுக்குக் கொண்டுவரவேண்டும். போயிட்டு வாங்கோ. அது கிடைத்தால்தான் பெடலில் கால் வைப்பார். அம்மா இருந்த காலத்திலும் அது மகளுடைய வேலைதான். பாவாடை கட்டிய நாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை, காய்ச்சலோடும் ஓடிவந்திருக்கிறாள். நேற்று எவ்வளவு நேரம் பார்த்திருந்தாரோ.

“ஐயோ அப்பா!” என்று தயாளினி கத்தினாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் இப்போது நெஞ்சில் அடித்து அழுதாள். “அழட்டும், விடுங்கோ” என்றார்கள் பெண்கள், ஆறுதலோடு.

ஐயர் வந்து, கிரியை முடிகிற நேரம் அவளே கோகுலனைக் கூப்பிட்டாள். “துணியைக் கொண்டா.”

“நான் கட்டுறன் அக்கா.”

“இல்லை, நான் கட்டுறன். அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டார்.”

மண்ணும் புகையிலையும் ஏறிக் காய்த்துப்போன பெருவிரல்கள். இரண்டையும் சேர்த்து, நோகாமல், ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு கைபேசியைப் பார்த்துத் திரும்பினாள். புருவம், மூக்கு, இரண்டு விரல். அங்கே வாகீசன் சட்டென்று சிரித்தான். சிரித்தபடியே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். வளைவில் நின்றதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை.

பாடை எழுந்தது. ஆண்கள் பறைக்குப் பின்னால் சுடலைக்கு நடந்தார்கள். பெண்களுக்குப் படலைவரைதான். மற்றவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து முற்றத்தில் குழறிக்கொண்டிருக்க, தயாளினி எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் படலையடியில் நின்றாள். ஒழுங்கை நீளம். இரண்டு பக்கமும் தகர வேலி, நடுவில் பொரியும் பூவும் சிந்திக்கிடந்தன.

வளைவில் போனதும் பாடை நின்றது. காவியவர்கள் தோள் மாற்றினார்கள்.

அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கி, மெல்ல நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். அங்கே புதிதாக நாலு பேர் தோள் கொடுத்தார்கள், பாடை வளைவில் திரும்பிப் போனது.