லிட்டருக்கு முப்பது

எங்கள் வீட்டில் டி.வி. ஒன்றுதான். மாலை ஆறரை ஆனால் அதற்கு அடிபிடி. எனக்கு நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்துகிற விவாதம் வேண்டும். என் மனைவி சொர்ணலதாவுக்கு அதே நேரத்தில் கன்னடச் சேனலில் வருகிற மாடித்தோட்ட நிகழ்ச்சி வேண்டும்.

"ஊர் வம்பைக் கேட்டு உங்களுக்கு என்னங்க ஆகப்போகுது?" என்பாள்.

"கத்தரிக்காய் காய்க்கிறதை டி.வி.யில பார்க்கிற ஒரே ஆளு மைசூர்லயே நீதான்" என்பேன். இருபது வருடக் குடித்தனத்தில் இதெல்லாம் சண்டையில் சேராது.

அந்த நிகழ்ச்சியில் ஒரு தொல்லை உண்டு. நடத்துகிறவர் வாய் ஓயாமல் பேசுவார், ஆனால் மருந்தின் அளவை மட்டும் சொல்லமாட்டார். அது திரையின் அடியில் கன்னட எழுத்தில் ஓடும். சொர்ணலதா பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்தவள். கன்னடம் சரளமாகப் பேசுவாள், கன்னட எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் இந்தப் பக்கம் ஹனூரில் கன்னடப் பள்ளியில் படித்தவன். ஆகவே அவள் மடியில் நோட்டோடு உட்கார்ந்து, "ஏனுங்க, எத்தனைன்னு போட்டிருக்குது?" என்று கேட்பாள். நான் சொல்ல, தமிழில் எழுதிக்கொள்வாள். நாலு வருடமாக இப்படித்தான். செடிக்கு ஏதாவது என்றால் சொர்ணலதாவைக் கேள் என்று மைசூர் அக்ரஹாரம் பகுதியில் எங்கள் தெரு முழுக்கப் பெயர் வாங்கியிருந்தாள்.

டிசம்பர் கடைசியில் மாடியில் அவரை பூத்துப் பிஞ்சு விட்டிருந்தது. பனி விழுந்தால்தான் அவரைக்கு அந்த வாசனை ஏறும். சங்கராந்திக்கு எள்ளு வெல்லம் கொடுக்கப் போகும்போது கூடவே ஒரு கை அவரையும் தருவதாகப் பத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். கீழ்வீட்டு ராமக்காளும் இவளிடம் விதை வாங்கிப் பின்பக்கம் கொடி ஏற்றியிருந்தாள். அந்த நேரம் பார்த்து இரண்டு வீட்டுக் கொழுந்திலும் கறுப்பாகப் பேன் அப்பிக்கொண்டது.

அன்றைய நிகழ்ச்சி வேப்பெண்ணெயைப் பற்றியது. எனக்கோ அடுத்த சேனலில் விவாதம் சூடுபிடித்திருக்கும் என்ற பதைப்பு. ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"ஏனுங்க, லிட்டருக்கு எத்தனை?"

திரையை நான் பார்க்கவே இல்லை. "முப்பது மில்லி" என்றேன்.

"முப்பதா? நெறைய இருக்குதே."

"போட்டிருக்கிறதைத்தானே சொல்ல முடியும்? நானா கண்டுபிடிச்சேன்?" என்று எரிந்து விழுந்தேன். அவள் எழுதிக்கொண்டாள். நான் சேனலை மாற்றினேன்.

மருந்து அடித்த மூன்றாம் நாள் இலையெல்லாம் கருகிப் பூ கொட்டிவிட்டது. பிஞ்சுகள் சுருண்டு தொங்கின. ஃபாக்டரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே நிகழ்ச்சியைப் போனில் தேடிப் பார்த்தேன். பளிச்சென்று போட்டிருந்தது, லிட்டருக்கு மூன்று மில்லி. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

மாலையில் ராமக்காள் கருகிய கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். "நீ சொன்ன அளவுதானே சொர்ணா அடிச்சேன்? சங்கராந்திக்கு மக வர்றான்னு பொத்திப் பொத்தி வளர்த்தேன்."

"என்ர தப்புதானுங்க அக்கா" என்றாள் சொர்ணலதா. "இவரு சரியாத்தான் படிச்சிருப்பாரு. நான்தான் மாத்தி எழுதிப்போட்டேன்."

நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் பேப்பரைப் புரட்டினேன்.

"எழுத்துத் தெரியாதவ எதுக்கு ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ற?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு ராமக்காள் இறங்கிப் போனாள். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. மூன்றுக்கும் முப்பதுக்கும் வித்தியாசம் தெரிந்த படிப்பாளி, பொண்டாட்டி பேச்சு வாங்கும்போது பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் ஆறரைக்கு அவளே ரிமோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "நீங்க உங்க சண்டையவே பாருங்க. எனக்கு இனிமே வேண்டாம்" என்று சொல்லி அடுக்களைக்குள் போனாள்.

நாலு பேரும் கத்தினார்கள். எதற்குக் கத்துகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இதைப் பார்க்கத்தானே அவளிடம் பொய் சொன்னேன். டி.வி.யை அணைத்துவிட்டு அடுக்களை வாசலில் போய் நின்றேன்.

"சொர்ணா, நீ மாத்தி எழுதல. நான்தான் பார்க்காமச் சொன்னேன். மூணு மில்லின்னுதான் போட்டிருந்துச்சு. ராமக்காகிட்டயும் நானே போய்ச் சொல்லிடறேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, அந்த நோட்டை எடுத்து வந்தாள். ஓரமெல்லாம் மண் கறை.

"நாலு வருசத்து அளவும் இதுல இருக்குதுங்க. எல்லாம் நீங்க சொன்னதுதான்." பேனாவையும் நீட்டினாள். "பார்க்காமச் சொன்னது எதெதுன்னு கோடு போட்டுக் குடுங்க."

அன்றைக்கு ஒரு நாள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய் என்பதால் மூடிக்கொண்டேன். தமிழ் எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்; முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெண்டைக்குப் புளித்த மோர், பத்துப் பங்குத் தண்ணீருக்கு ஒன்று. பார்த்துச் சொன்னேனா? ஞாபகமில்லை. தக்காளிக்குப் பிண்ணாக்கு, செடிக்கு ஐந்து பிடி. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் அவளே எழுதியிருந்தாள்: 'செத்துப்போச்சு. தண்ணி நான் அதிகமா விட்டுட்டேன் போல.' பாகற்காய்க்குக் கீழே: 'பட்டுப்போச்சு. எனக்குக் கைராசி இல்லை.'

பக்கத்துக்குப் பக்கம் அப்படி இருந்தது.

"எனக்குத் தெரியல, சொர்ணா."

அவள் நோட்டை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"அப்ப எல்லாத்துக்கும் கோடு போட்டுருங்க" என்றாள்.