குஞ்சுப் பெட்டிக்கு ஒரு குண்டு பல்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வரவும், உருப்படியாக ஒரு சோகக் கதை எழுதலாம் என்று மேஜையில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் ஒரே கீச்சுக் கீச்சு. போய் எட்டிப் பார்த்தேன். திரும்பி வருவதற்குள் சோகம் போன இடம் தெரியவில்லை. கை பரபரக்கிறது.

முதல் வரி:

‘தாயற்ற பன்னிரண்டு ஜீவன்கள் ஓர் அட்டைப்பெட்டியின் இருண்ட மூலையில்—’

சே! ஜீவன்களாம். கோழிக்குஞ்சு ஐயா, கோழிக்குஞ்சு! அதோடு அந்தப் பெட்டியில் இருட்டே கிடையாது. அதுதான் கோளாறே.

2

பக்கத்து வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். தெருவில் அவருக்குப் பெயர் ‘மிச்சம்’. எந்த வீட்டுக்கு என்ன வேலையாகப் போனாலும், அங்கிருக்கும் பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டாமல் வரமாட்டார். “கரண்ட் எவ்வளவு மிச்சம் தெரியுமா? தொட்டுப் பாருங்க, சுடவே சுடாது!” முனைக்கடைக்காரரைப் பேசிப் பேசிக் கரைத்து, குண்டு பல்பு வாங்கி வைப்பதையே நிறுத்தச் செய்தவர் இவர்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கோழி வளர்க்க வேண்டும் என்று அவருக்கு எத்தனையோ வருஷத்து ஆசை. இன்றைக்கு வேனின் முன்சீட்டில் ஒரு டஜன் குஞ்சுகள் வந்து இறங்கின. மனைவியைவிட மிச்சத்துக்குத்தான் தலைகால் புரியவில்லை. பெட்டியில் மரத்தூள் பரப்பினார். குஞ்சு விழுந்து மூழ்கிவிடக் கூடாதென்று தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போட்டார். ஒவ்வொன்றாகத் தூக்கி அலகைத் தண்ணீரில் நனைத்து, “குடிடா தங்கம், குடி” என்று கெஞ்சினார்.

“தாய்க்கோழி இல்ல பாருங்க, மேல ஒரு பல்பு கட்டித் தொங்கவிடணுமாம்” என்றார் மனைவி.

“பல்புதானே? யார்கிட்ட சொல்ற!”

இருப்பதிலேயே நல்ல எல்.இ.டி.யாகத் தொங்கவிட்டார். குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. வெளிச்சம் பற்றவில்லை என்று இன்னொன்று மாட்டினார். கத்தல் கூடியது. மூன்றாவதையும் மாட்டினார். பெட்டி விளையாட்டு மைதானம் மாதிரி ஜொலித்தது.

மனைவி உள்ளே கையை விட்டுப் பார்த்தார். “என்னங்க இது, உள்ள ஜில்லுனு இருக்கு!”

மிச்சம் பல்பைத் தொட்டார். சுடவே இல்லை.

3

(இங்கே ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும், எனக்கும் வந்தது. எலக்ட்ரீஷியனுக்கு இதுகூடவா தெரியாது? பாத்திரப் படைப்பில் ஓட்டையல்லவா? தெரியும், ஐயா. ஆனால் மனுஷனுக்குத் தெரிந்ததெல்லாம் வேலைச் சட்டையோடு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறோம். அதிலும் சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு மூளை எதற்கு?)

4

குவியலுக்கு அடியில் சிக்கிய ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டுவிட்டது. இருப்பதிலேயே பொடிசு. மனைவி அதை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தி, வாயால் ஊதிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அது ஆறிக்கொண்டே வந்தது. (அயர்ன் பாக்ஸ்? நானும் கேட்டேன். வைத்தார்களாம். துணி கருகியதுதான் மிச்சம்.)

மிச்சம் குண்டு பல்பு தேடி மழையில் கிளம்பினார். கடையில் இல்லை. வீடு வீடாகத் தட்டினார்.

“அக்கா, அன்னைக்கு உங்க வீட்ல ஒரு குண்டு பல்பு கழட்டினேனே, அது இருக்கா?”

“நீதானேப்பா ‘இதெல்லாம் வீட்ல வைக்கவே கூடாது’ன்னு குப்பையில போட்ட?”

அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. அதற்கடுத்த வீட்டில் சிரிப்பும் சேர்த்துக் கிடைத்தது.

முடிவு, முதல் வடிவம்: ‘பல்போடு அவர் திரும்பியபோது அவள் கை விரிந்திருந்தது. அதில்—’

நன்றாகத்தான் வருகிறது. அழவைத்துவிடலாம். ஆனால் ஊதி ஊதி வாய் உலர்ந்து நிற்கிறவரை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேனே! அடித்துவிட்டேன்.

இரண்டாம் வடிவம்: ‘திடீரென்று மேகம் விலக, வெயில்—’

இது போங்கு.

5

கதவு தட்டப்படுகிறது. இது கதையில் இல்லை. என் கதவேதான்.

மிச்சம் சொட்டச் சொட்ட நிற்கிறார். “சார், உங்ககிட்ட இருக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுட்டுப் போயிடலாம்னு...” என்று இழுத்தவர் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார்.

மேஜை விளக்கு. குண்டு பல்பு. அது இல்லாவிட்டால் எனக்கு ஒரு வரி ஓடாது, அதனால் இத்தனை நாள் அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். இதுவரை நீங்கள் படித்ததெல்லாம் அந்த வெளிச்சத்தில் எழுதியதுதான். பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தபோதே கொடுத்திருக்கலாம். தெருவில் அவர் கதவு கதவாகத் தட்டியது எனக்கு நன்றாகவே கேட்டது. கதை சூடு பிடித்திருந்தது, நான் அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

“எடுத்துக்குங்க” என்கிறேன். “விளக்கோட எடுத்துட்டுப் போங்க.”

பாய்ந்து வந்து பல்பைத் தொட்டவர் விரலை உதறிக்கொண்டு குதிக்கிறார். “சார்! சுடுது சார்! ஐயோ, என்னமா சுடுது!”

வாழ்க்கையில் ஒரு பல்பை அவர் இப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. வயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார். நன்றிகூடச் சொல்லவில்லை, நல்லவேளை.

6

அறை இருட்டு. வரி கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் என்ன செய்வார் என்றால்—

“சார்!” பக்கத்து வீட்டிலிருந்து அந்த அம்மாவின் குரல். “சார், ஓடி வாங்க! இதப் பாருங்க!”

அதை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்று எழுதமாட்டேன். உங்கள் காதில் எப்படி விழுந்ததோ அதுதான் முடிவு. எனக்கு இப்போது எழுத நேரமில்லை, செருப்பைக் காணோம், வெறுங்காலோடு போகிறே