கயிற்றுக்கு அந்தப் பக்கம்

குத்தூசியின் முனை அடுப்புத் தீயில் சிவக்கும் வரை காத்திருந்தாள் டிரைவரம்மா. பிறகு வலதுகால் ஷூவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே குத்தாகக் குத்தினாள். சுர்ரென்று புகை கிளம்பியது. ரப்பர் கருகும் நாற்றம் சமையலறை முழுக்கப் பரவிய அந்த நேரம் பார்த்துத்தான் பின்வாசல் வழியாக நாத்தனார் உள்ளே வந்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"பார்த்தா தெரியல? ஓட்டை போடறேன்."

"புது ஷூவுலயா? அண்ணன் வாங்கிக் குடுத்த ஷூவுலயா?"

"கத்தாத. அவரு வர்ற நேரம்."

"எத்தனை கடை ஏறி இறங்கினாரு மனுஷன்! என் பார்லருக்கு வந்து, முடி வெட்ட உக்காந்திருந்தவங்ககிட்ட எல்லாம் ஷூவைப் பத்தி விசாரிச்சாரு. தலையை ஆட்ட முடியாம அவங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப என்னடான்னா அதைச் சல்லடை ஆக்கிக்கிட்டு இருக்கீங்க."

"பேசினது போதும். இந்தப் பக்கத்தை இறுக்கிப் பிடி."

நாத்தனார் பிடித்தாள். திட்டிக்கொண்டே கை கொடுப்பதுதான் அவள் சுபாவம்.

ஷூவுக்கு ஓட்டை போடும் அளவுக்கு விஷயம் எப்படி முற்றியது என்றால், அதற்குப் போன வருஷத்துக்குப் போக வேண்டும். இல்லை, அதற்கும் முன்னால், அவர்களுடைய கல்யாணத்துக்கே போக வேண்டும்.

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். அவர் ரயில்வே கேட்காரர். மணி அடித்தால் கேட்டை இறக்க வேண்டும், ரயில் போனதும் ஏற்ற வேண்டும். நடுவில் மந்திரியே வந்து நின்றாலும் அவர் கை அசையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய பஸ் தினமும் அந்த கேட்டில் மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பஸ் முழுக்க ஜனம் இருக்கு, கொஞ்சம் பொறுத்து இறக்கினா குடியா முழுகிடும்?" என்று கேட்டாள். "ரயில்லயும் ஜனம்தான் மேடம் இருக்கு" என்றார் அவர், கொடியைச் சுருட்டிக்கொண்டே. அன்றிலிருந்து அந்த இடம் வந்தாலே அவரை முறைத்துப் பார்ப்பாள். முறைத்து முறைத்தே பழக்கமாகி, பழக்கம் வேறு ஏதோ ஆகிக் கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது.

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு இந்தக் காட்டுப்பாதை டிரையத்லான் பைத்தியம் பிடித்தது. முதுகுவலிக்கு நீந்தினால் நல்லது என்று டாக்டர் சொல்ல, ஏரியில் இறங்கினாள். ஏரிக்கரையில் சைக்கிள்காரர்கள் பழக்கமானார்கள். அவர்களோடு காட்டுக்குள் போனாள். அப்புறம் ஓட ஆரம்பித்தாள். ஏரியில் நீச்சல், காட்டுக்குள் சைக்கிள், கடைசியில் கல்லும் வேரும் சேறுமான பாதையில் ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். "இது உனக்கு எதுக்கு?" என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பதில் சொல்ல வராது. விடிந்தால் அடைந்தால் ஒரே தடத்தில் போய், யாராவது மணியை அழுத்தினால் நின்று, விசில் அடித்தால் கிளம்புகிறவள் அவள். காட்டுக்குள் மணி கிடையாது. தானாக நின்றால் உண்டு. அந்த சுகத்தை எப்படி வாயால் சொல்லிப் புரிய வைப்பது?

ஆனால் அந்தக் காட்டுக்குள்ளும் ஒரு கேட் இருந்தது.

ஓட்டத்தின் பாதி வழியில் ஒரு ஓடை. அதைக் கடந்து கரையேறியதும் இரண்டு மரங்கள், நடுவில் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. குறித்த நேரம் வந்ததும் அந்த மரங்களுக்கு நடுவில் கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குள் வந்து சேராதவர்கள் அப்படியே திரும்ப வேண்டியதுதான். இருட்டுவதற்குள் எல்லோரையும் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர அப்படி ஒரு ஏற்பாடு. அழுதாலும் புரண்டாலும் மனம் இரங்காத ஒரு ஆள் அதற்கு வேண்டும் என்று போட்டி நடத்துகிறவர்கள் தேடியபோது, ஊரே ஒரே குரலில் கேட்காரரைக் கை காட்டியது.

போன வருஷம் அவள் ஓடையைத் தாண்டிச் சேற்றில் வழுக்கி, எழுந்து, மறுபடி வழுக்கிக் கரையேறி வந்தபோது அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நேரம் முடிஞ்சுது" என்றார், நிமிராமலே.

"என்னங்க, நான்தான்."

"தெரியுது. நேரம் முடிஞ்சுது."

"இன்னும் முடிச்சே இறுகலையே!"

அவர் முடிச்சை இறுக்கினார். பிறகு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் அவரை வாட்டியது. அவர் கொஞ்சம் தாமதமாக வந்து டீ கேட்டால், "நேரம் முடிஞ்சுது" என்பாள். குளித்துவிட்டுத் துண்டு கேட்டால் உள்ளேயிருந்து அதே பதில் வரும். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சில மாதம் போனதும் நாத்தனாருக்கே சிரிப்பு வரவில்லை. அவர் தப்பு செய்யவில்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தார். குற்றம் ஷூவின் மேல்தான். தார் ரோட்டில் ஓடுகிற சாதாரண ஷூவைப் போட்டுக்கொண்டு சேற்றில் ஓடினால் வழுக்காமல் என்ன செய்யும்? ஒரு நாள் டிப்போ வாசலிலேயே வந்து காத்திருந்து அவளைக் கடைக்குக் கூட்டிப் போனார்.

கடைக்காரப் பெண் ஷூக்களை வரிசையாக எடுத்து வைத்தாள். அடியில் பல் பல்லாக இருப்பது சேற்றுக்கு. பல் குட்டையாக இருப்பது பாறைக்கு. முன்பக்கம் கெட்டி ரப்பர் வைத்தது வேரில் இடித்தாலும் நகம் போகாமல் இருக்க. டிரைவரம்மா ஒவ்வொன்றாகப் போட்டு நடந்து, குதித்து, கட்டை விரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். அவருக்கு ஒரே கேள்விதான்.

"தண்ணி உள்ள போகுமா?"

"இது வாட்டர்ப்ரூஃப் சார். ஒரு சொட்டு போகாது."

"அப்ப இதுதான்."

கடைக்காரப் பெண் தயங்கினாள். "மேடம், ஓடையில இறங்கி ஓட வேண்டியிருக்குமா?"

"அதுக்குத்தானேம்மா தண்ணி புகாத ஷூ!" என்று அவளுக்காக அவரே பதில் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். டிரைவரம்மா கணவரைப் பார்த்தாள். ஷூவைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார் மனிதர். ஒரு வருஷமாகச் சொல்லத் தெரியாத எதையோ அந்த ஷூவை வைத்துச் சொல்லப் பார்க்கிறார் என்று அவளுக்குப் பட்டது. "நல்லா இருக்குங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு ஏரியின் ஓரமாக முழங்கால் ஆழத்தில் நடந்து பார்த்தாள். கடைக்காரப் பெண் சொன்னது பொய்யில்லை. பக்கவாட்டில் ஒரு சொட்டு போகவில்லை. மேலே, கால் நுழைகிற வாய் வழியாகக் குடம் குடமாகப் போனது. போனது வெளியே வரத்தான் வழியில்லை. கரையேறி ஓடினால் இரண்டு காலிலும் வாளியைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல இருந்தது. நாலு பக்கமும் கேட்டைப் பூட்டிவிட்டுக் கூரையை மறந்துவிட்டார்களே என்று தனியாக நின்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் யோசனை வந்தது. சேறு ஆன ஷூவைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். வேறு வாங்கினால் அவர் முகம் என்ன ஆகும்? பிடிப்பு என்னவோ அருமையான பிடிப்பு. சேற்றில் பல் பதிந்தால் அசைய மாட்டேன் என்கிறது. தண்ணீர் வெளியே போக மட்டும் ஒரு வழி இருந்தால் போதும்.

அப்படித்தான் குத்தூசி அடுப்பில் ஏறியது.

கடைசி ஓட்டை விழவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. நாத்தனார் ஷூக்களைப் பிடுங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளினாள்.

"என்ன கருகுது?" என்றார் கேட்காரர்.

"பாத்திரத்தோட கைப்பிடி, அண்ணா."

"எந்தப் பாத்திரம்?"

"இருக்கறதே ரெண்டு பாத்திரம், அதுல எதுன்னு ஒரு விசாரணை! உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். டிரைவரம்மா டீயை வைத்தாள். அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"என் வாட்ச் பழசு. கொஞ்சம் ஸ்லோவா ஓடினாலும் ஓடும். யாரும் கேக்க மாட்டாங்க."

நாத்தனார் அண்ணனை வாய் பிளந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. ஒரு வருஷமாகக் காத்திருந்த வெற்றி கைக்கு வந்துவிட்டது போல டிரைவரம்மாவுக்கு முதலில் ஒரு கணம் மனசு குளிர்ந்தது. அடுத்த கணமே அது வேண்டாத பண்டமாக ஆகிவிட்டது.

"இங்க பாருங்க" என்றாள். "எனக்காக ஒரு கண் இமைக்கிற நேரம் கயித்தைப் பிடிச்சு நிறுத்தினீங்கன்னு வைங்க, நான் அந்தக் கோட்டைத் தாண்டவே மாட்டேன். அங்கயே குந்திடுவேன். ஊரே சேர்ந்து தூக்கினாலும் எழுந்திருக்க மாட்டேன்."

"சரி, சரி."

"என்ன சரி?"

"வாட்ச் சரியா ஓடும்னேன்." டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போட்டி அன்று ஏரித் தண்ணீர் கத்தி மாதிரி குளிர்ந்தது. முந்தின நாள் பெய்த மழையில் காடு ஊறிக் கிடந்தது. நீச்சலில் யாரோ உதைத்த உதையில் அவளுடைய கண்ணாடி கழன்று போக, பாதி தூரம் கண்ணை மூடிக்கொண்டு நீந்தினாள். சைக்கிளில் ஒரு சரிவில் சக்கரம் வேரில் சிக்கி, முள்புதரில் தலைகுப்புற விழுந்தாள். முழங்கையில் ரத்தம். எழுந்து, வளைந்த ஹேண்டிலை முழங்காலால் முட்டி நேராக்கிக்கொண்டு மறுபடி ஏறினாள். பஸ் ஓட்டுகிறவள். வண்டி மக்கர் செய்தால் பயணிகளைப் பார்க்காமல் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஷூவை மாட்டினாள். ஓட்டம். மூச்சு நெஞ்சுக்குள் ரம்பம் போல இழுத்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. வேண்டுமென்றே வாட்ச் கட்டவில்லை. வாட்ச் இருந்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏற்றத்தில் குனிந்து, கையால் தொடையை அழுத்தி அழுத்தி ஏறினாள். ஷூவின் பற்கள் சேற்றைக் கவ்விக் கவ்வி விட்டன. ஓட்டை போட்ட குற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் விசுவாசமாக உழைக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

ஓடை தெரிந்தது. மழையில் அது அகலமாக விரிந்து ஓடியது. இந்தக் கரையில் சிலர் கல் தேடி, கால் நனையாமல் தாண்ட வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் காலையில் அவள் பஸ்ஸில் வருகிறவர்கள்தான். அவள் நிற்கவில்லை. நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்காலுக்கு மேல் ஏறியது. கரையேறியபோது ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் இரு பக்கமும் மெல்லிய கம்பி கம்பியாகத் தண்ணீர் பீய்ச்சியது. நாலைந்து அடிக்குள் கால் லேசாகிவிட்டது.

"டிரைவரம்மா! இந்த ஸ்டாப்புல நிக்காதா?" என்று கையில் ஷூவுடன் ஒருவர் கத்தினார்.

"நிக்காது!"

வளைவு திரும்பியதும் இரண்டு மரங்கள். நடுவில் கேட்காரர். ஒரு கையில் கயிற்றின் நுனி, இன்னொரு கையில் வாட்ச். பக்கத்தில் தண்ணீர் பாட்டில்களோடு நாத்தனார். கயிறு தரையில் கிடந்தது. அவள் கோட்டுக்கு ஓரடி முன்னால் வந்து சடாரென்று நின்றாள்.

"என்ன நிக்கிற? போ!" என்றார் அவர்.

"நேரம் இருக்கா?"

"இருக்கு, போ!"

"நிஜமா இருக்கா, இல்ல எனக்காகப் பிடிச்சு வச்சிருக்கீங்களா?"

"ஐயோ அண்ணி!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "வம்பு பேச வீட்டுல எவ்வளவு நேரம் கிடக்கு! தாண்டுங்க முதல்ல!"

"அவரு வாயால சொல்லட்டும்."

அவர் வாட்சை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். முள்ளுக்கும் குறித்த நேரத்துக்கும் நடுவில் தாராளமாக ஒரு விரல் நுழையும்.

"உனக்காக ஒண்ணும் பிடிச்சு வைக்கல. நீயா வந்திருக்க" என்றார். அப்புறம் அவர் பார்வை கீழே போனது. "ஷூவுல என்ன... அது நான் வாங்கிக் குடுத்ததா?"

"நீங்க வாங்கிக் குடுத்ததுதான். ஓடறது நான்ல?"

கோட்டைத் தாண்டினாள். தாண்டின காலில் தண்ணீர் பீய்ச்சி அவர் பேண்ட்டில் தெறித்தது. பின்னால் நாத்தனார் விசிலடித்தாள். அந்த ஊரில் அப்படி விசிலடிக்க அவளை விட்டால் ஆளில்லை. கரையில் ஷூவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் வெறுங்காலோடு எழுந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போன பிறகு அந்தக் குரலும் வந்தது, கேட் மணியைப் போல நிதானமாக, யாருக்கும் வளையாமல்.

"நேரம் முடிஞ்சுது!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முடிச்சை இறுக்கிவிட்டு அவர் குந்தி உட்கார்ந்திருந்தார். பாதையில் பதிந்திருந்த அவளுடைய ஈரத் தடங்களை, ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் தெறித்திருந்த மெல்லிய கோடுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முன்னால் திரும்பினாள். ஒரு வருஷமாக நினைத்து நினைத்துப் பார்த்தும் எப்படி இருக்கும் என்று தெரியாத பாதை அது. மரங்கள் விலகி, புல் படர்ந்த ஒரு மேடாக ஏறியது. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. ஷூ ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே வந்தது. அவள் மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.